எத்தனை கிலோ, எத்தனை மணி நேரம்

விருதுநகர் மாவட்டத்தில் வெம்பக்கோட்டை, தாயில்பட்டி, ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையைப் பற்றி விசாரித்தால், அது எந்த லைசென்ஸ் ஆலை என்பதையும் சேர்த்தே சொல்வார்கள். டி.ஆர்.ஓ. (மாவட்ட வருவாய் அலுவலர்) லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், நாக்பூர் லைசென்ஸ் என்று மூன்று வகை. உரிமம் கொடுக்கிற அலுவலகத்தின் பெயரால் ஆலையை அழைப்பது அந்த வட்டாரத்து வழக்கம். ஆலையில் ஒரே நேரத்தில் எத்தனை கிலோ வெடிபொருளைக் கையாளலாம் என்கிற அளவுதான் இந்த மூன்றையும் பிரிக்கிறது. 2008ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளின்படி, ஒரே நேரத்தில் 15 கிலோவுக்கு மேற்படாத பட்டாசுத் தயாரிப்புக்கு மாவட்ட நிர்வாகமே உரிமம் தரலாம். அதற்கு மேல் என்றால் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பிடம், அதாவது பெசோவிடம் போக வேண்டும். பெரிய ஆலைகளின் கோப்பு அதன் தலைமையகம் இருக்கிற நாக்பூர்வரை போகும்.

வருடத்துக்கு எத்தனை டன் செய்கிறாய் என்று இந்த எல்லை கேட்கவில்லை. இந்த நிமிடம், இந்த வேலிக்குள் எவ்வளவு இருக்கிறது என்று கேட்கிறது. ஆனால் தயாரிப்பைத் திட்டமிடுகிற எல்லாக் கருவிகளும், நோட்டானாலும் எக்செல் ஆனாலும் மைக்ரோசாஃப்ட் பிராஜெக்ட், பிரைமவேரா போன்ற திட்ட மேலாண்மை மென்பொருள்களானாலும், முதலில் கேட்பது மொத்தத்தை. இந்த ஆர்டருக்கு எவ்வளவு பொருள் வேண்டும்? அந்தக் கட்டத்தில் ஓர் எண்ணைப் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். அந்த ஒரு கட்டத்தை எப்படி நிரப்புகிறோம் என்பதில் எவ்வளவு இருக்கிறது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப்போகிறோம்.

முதலில் மென்பொருளின் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். மைக்ரோசாஃப்ட் பிராஜெக்ட் ஒரு வேலைக்குத் தேவையானவற்றை மூன்று இனமாகப் பிரிக்கிறது. ஆளும் இயந்திரமும் ஓர் இனம். அவர்களுக்கு மணிக்கணக்கு உண்டு, விடுமுறை உண்டு, இவ்வளவுதான் முடியும் என்கிற உச்சவரம்பு உண்டு. பொருள் இரண்டாவது இனம். வெறும் செலவுத்தொகை மூன்றாவது. வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பொடி, காகிதக் குழாய், திரி, அட்டைப்பெட்டி எல்லாம் இரண்டாவது இனத்தில் சேரும். பொருளுக்கு ஒரு பெயர், ஓர் அலகு, ஒரு விலை. அவ்வளவுதான். உச்சவரம்பு எழுதுகிற கட்டம் பொருளுக்குத் திறக்காது. ஓர் ஆளுக்கு ஒரே நாளில் இரண்டு ஆள் வேலையைக் கொடுத்தால் மென்பொருள் சிவப்பில் எச்சரிக்கும். கேட்டால் வேலைகளைத் தள்ளிவைத்துச் சமன்செய்தும் தரும். பொருளுக்கு அந்தச் சமன்செய்தல் கிடையாது. வேண்டிய அளவு சந்தையில் வாங்கிக்கொள்ளலாம் என்று அது எடுத்துக்கொள்கிறது. சிமென்ட்டுக்கும் செங்கல்லுக்கும் அது சரி. இங்கே சரியில்லை.

அலகுக் கட்டமும் நம்மை ஏமாற்றும். கிலோ, கிராம், மூட்டை, பெட்டி, குரோஸ் என்று எதை எழுதினாலும் மென்பொருளுக்கு அது வெறும் எழுத்து. 25 கிலோ மூட்டையும் 50 கிலோ மூட்டையும் அதற்கு ஒரே மூட்டைதான். ஓர் அலகிலிருந்து இன்னொன்றுக்கு அது தானாக மாற்றாது. அதனால் வெடிமருந்து சம்பந்தப்பட்ட எந்த வரியிலும் கிலோவைத் தவிர வேறு அலகு இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பொருளின் அளவை உள்ளிட இரண்டு வழிகள் உண்டு. வெறுமனே 480 என்று எழுதலாம். அந்த வேலைக்கு மொத்தம் 480 கிலோ என்று மென்பொருள் புரிந்துகொள்ளும். அல்லது 24 என்று எழுதி, பக்கத்தில் ஒரு சாய்கோடு போட்டு, நாளைக் குறிக்கும் எழுத்தைச் சேர்க்கலாம். அப்போது நாளொன்றுக்கு 24 கிலோ என்று ஆகும். 20 நாள் வேலை என்றால் இரண்டும் ஒரே விடையைத் தரும்: 24 பெருக்கல் 20, மொத்தம் 480. திரையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் வித்தியாசமே தெரியாது.

காலம் சுருங்கும்போதுதான் வித்தியாசம் வெளியே வரும். ஆடிப்பெருக்கன்று சிவகாசிக் கடைகளில் பூஜை போட்டு விற்பனை தொடங்குவார்கள். அதற்கு முன்னால் சரக்கு வேண்டும் என்று வியாபாரி நெருக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். 20 நாள் வேலையைத் திட்டத்தில் 10 நாளாக மாற்றுகிறார்கள். மொத்தமாக 480 என்று எழுதியிருந்தால் அந்த எண் அசையாது. மென்பொருள் அந்த 480 கிலோவை 10 நாளுக்குச் சமமாகப் பங்கிட்டுவிடும். நாளொன்றுக்கு 48 கிலோ. எச்சரிக்கை வராது, சிவப்பு நிறம் வராது. செலவும் அதே, சரக்கும் அதே, தேதி மட்டும் முன்னால் வந்திருக்கும். பார்ப்பவருக்கு அது வெற்றிகரமான திட்டமாகத் தெரியும். நாளுக்கு 24 என்று எழுதியிருந்தால் கதை வேறு. 10 நாளில் 240 கிலோதான் செலவாகும், ஆர்டரில் பாதி நிற்கும் என்று மொத்தக் கட்டம் உடனே காட்டிக்கொடுத்துவிடும். இந்த வேகத்தில் இது முடியாது என்று யாராவது வாய்விட்டுச் சொல்லியாக வேண்டிய நிலை வரும்.

முதல் வழியில் நெருக்கடி, மருந்து வேலை நடக்கும் கொட்டகைக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. இரண்டாவது வழியில் அது முதலாளியின் மேசைமேல் வந்து உட்காருகிறது. மருந்துக்கு எப்போதும் இரண்டாவது வழிதான் வேண்டும். காகிதம், அட்டை, லேபிள் போன்றவற்றுக்கு முதல் வழி போதும். நாலு நாள் முன்னால் வந்து கிடந்தாலும் அவற்றால் இடத்தைத்தான் அடைக்க முடியும்.

நாளுக்கு இத்தனை கிலோ என்று எழுதிவிட்டால் போதுமா? போதாது. சட்டம் கேட்பது ஒரே நேரத்து அளவு. நாளுக்கு 24 கிலோ செலவாகிற கொட்டகையில், பகல் 11 மணிக்கு எத்தனை கிலோ இருக்கும்? இதற்குப் பதில் சொல்கிற கணக்கு ஒன்று இருக்கிறது. அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய விதி அது. ஓரிடத்தில் சராசரியாகத் தங்கியிருக்கும் அளவு, அங்கே வந்துசேரும் வேகத்தையும் ஒவ்வொன்றும் அங்கே தங்கும் நேரத்தையும் பெருக்கினால் கிடைக்கும். கல்யாண வீட்டில் மணிக்கு 200 பேர் சாப்பிட வருகிறார்கள், ஒருவர் அரைமணி நேரம் இலையில் உட்காருகிறார் என்றால், பந்தியில் எந்த நேரமும் சுமார் 100 பேர் இருப்பார்கள். ஆட்கள் வரும் வேகம் கூடினாலும், சாப்பிடுகிற நேரம் கூடினாலும் பந்தி நிறைந்து வழியும்.

இதையே கொட்டகைக்கு வைத்துப் பார்க்கலாம். எட்டு மணி நேர வேலைநாளில் 24 கிலோ என்றால் மணிக்கு 3 கிலோ. கலந்த மருந்து குழாயில் அடைபட்டு அந்தக் கட்டடத்தை விட்டு வெளியேற 2 மணி நேரம் ஆகிறதென்றால், உள்ளே எந்த நேரமும் சராசரியாக 6 கிலோ இருக்கும். ஆலையில் மருந்து இருக்கும் கொட்டகை அது ஒன்றுதான் என்றால், 15 கிலோ என்கிற எல்லைக்கு அது வெகு கீழே. இப்போது 20 நாள் வேலை 10 நாளாகச் சுருங்குகிறது. மணிக்கு 6 கிலோ, உள்ளே 12 கிலோ. இன்னும் எல்லைக்குள்தான். ஆனால் வேகம் கூடும்போது வேலை தேங்கும். அடைக்கிற கைகள் அதே கைகள்தான். ஓர் அறையில் 4 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. 2 மணி நேரம் 4 மணி நேரமாகிறது. 6 பெருக்கல் 4 என்றால் 24 கிலோ. திட்டத்தில் ஒரு தேதியை மட்டுமே மாற்றினோம். கொட்டகைக்குள் இருக்கும் மருந்து நான்கு மடங்காகிவிட்டது.

வேகம் கூடாமலே இது நடக்கலாம். மழைக்காற்று வீசினால் காய்வதற்கு நேரம் பிடிக்கும். மணிக்கு அதே 3 கிலோதான். ஆனால் தங்கும் நேரம் 2 மணி நேரத்திலிருந்து 6 மணி நேரமாக ஆனால் உள்ளே இருப்பது 18 கிலோ. யாரும் கூடுதலாக ஒரு பிடி மருந்துகூடக் கலக்கவில்லை. வானம் மூடியது, அவ்வளவுதான். இந்தக் கரிசல் பூமியின் வறண்ட வெயிலை நம்பித்தான் இந்தத் தொழில் இங்கே வேரூன்றியது. 1923 வாக்கில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பியபோது, மழை குறைந்த இந்தச் சீமை அதற்கு வாகாக அமைந்தது. பட்டாசு அதைத் தொடர்ந்து வந்தது. அதே ஊரில் ஈரமான நாள் என்பது திட்டத்தில் தனியாக எழுதப்பட வேண்டிய நாள். மென்பொருளில் நாள்காட்டி இருக்கிறது, விடுமுறைகள் இருக்கின்றன. காற்றின் ஈரத்துக்கு இடமில்லை. ஈரமான மாதங்களுக்கு மருந்தின் வேகத்தைக் குறைத்து வேறு எண்ணாக நாம்தான் எழுத வேண்டும்.

லிட்டில் விதி சராசரியைத்தான் சொல்லும் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். வெயில் ஏறுவதற்கு முன் அதிகாலையிலேயே மருந்து கலந்து முடிப்பது நல்ல வழக்கம், சூடு குறைவு. ஆனால் நாள் முழுதுக்கும் வேண்டிய 24 கிலோவையும் 7 மணிக்கே கலந்துவைத்தால், 7 மணி நிலவரம் 24 கிலோதான். சராசரி 6 என்று ஏடு சொல்லிக்கொண்டிருக்கும். மென்பொருள் பொருளைச் சமமாகப் பரப்பிக் காட்டுவதால் இந்த முகடு அதில் தெரியாது. முன்பாரமாக, பின்பாரமாக, நடுவில் மேடாக என்று செலவின் வடிவத்தை மாற்றிக்கொள்ளும் வசதி அதிலேயே உண்டு. மாற்றிப் பார்ப்பவர்கள் குறைவு. மருந்தின் அளவை நாளுக்கு என்று எழுதாமல் மணிக்கு என்று எழுதினால் இன்னும் நல்லது. மணிக்கு 3 கிலோ என்று எழுதிய திட்டம், சிறுசிறு கலவைகளாகச் செய் என்று ஃபோர்மேனுக்குச் சொல்லும் கட்டளையும் ஆகிவிடும்.

இவ்வளவு கவலைப்படுவது ஏன்? இரண்டு மூன்று கிலோ கூடினால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. வெடிப்பின் இயற்பியல் அதற்குப் பதில் வைத்திருக்கிறது. வெடிக்கும் பொருளின் ஆற்றல் அதன் எடைக்கு ஏற்பக் கூடும். அதிர்வலை எல்லாப் பக்கமும் கோளமாக விரிவதால், அந்த ஆற்றல் தூரத்தின் மும்மடிக்கு ஏற்பப் பங்கிடப்படும். ஆகவே ஒரே அளவு அடி விழுகிற தூரம், எடையின் கனமூலத்துக்கு ஏற்பக் கூடுகிறது. ஆய்வாளர்கள் ஹாப்கின்சன் 1915இலும் கிரான்ஸ் 1926இலும் தனித்தனியே கண்டது இது. வெடிபொருள் கட்டடங்களுக்கு இடையே எவ்வளவு தூரம் விட வேண்டும் என்கிற கணக்குகளின் அடிப்படையில் இந்தக் கனமூலம் இருக்கிறது. எடை 8 மடங்கானால் பாதிப்பு எட்டும் தூரம் 2 மடங்கு. எடை 2 மடங்கானால் தூரம் சுமார் கால் பங்கு கூடும்.

கால் பங்குதானே என்று தோன்றும். தூரம் 26 விழுக்காடு கூடினால், அந்த வட்டத்துக்குள் வரும் நிலப்பரப்பு ஏறக்குறைய 60 விழுக்காடு கூடும். அந்தப் பரப்புக்குள்தான் அடுத்த கொட்டகை இருக்கிறது, அதில் 4 பேர் இருக்கிறார்கள். கொட்டகைகளின் இடைவெளி உரிமம் வாங்கிய நாளில் வரைபடத்தில் குறித்தது. மருந்து கூடிய அன்று சுவர்கள் எழுந்து தள்ளிப்போகாது. ஒரு கொட்டகையின் விபத்து ஒரு கொட்டகையோடு நிற்பதும், வரிசையாக அடுத்தடுத்த கொட்டகைகளைப் பிடித்துக்கொள்வதும் அந்த இடைவெளிக்கும் அந்த நேரத்து எடைக்கும் இடையில் உள்ள கணக்கைப் பொறுத்தது.

எடை இன்னொரு வகையிலும் வேலை செய்கிறது. அலுமினியப் பொடி கலந்த மருந்தில் ஈரம் சேர்ந்தால் மெல்லமெல்ல வினை நடந்து சூடு பிறக்கும். பிறக்கும் சூடு குவியலின் கன அளவுக்கு ஏற்ப. வெளியேறும் சூடு குவியலின் மேற்பரப்புக்கு ஏற்ப. குவியல் பெரிதாகப் பெரிதாகப் பிறக்கிற சூடு முந்திக்கொள்ளும், வெளியேறுகிற சூடு பிந்திவிடும். ஒரு கிலோவாக நாலு இடத்தில் இருக்கும்போது ஒன்றும் ஆகாத மருந்து, நாலு கிலோவாக ஒரே மூலையில் இருக்கும்போது தனக்குத்தானே சூடேறலாம். ஆகவே எத்தனை கிலோ என்பதோடு எத்தனை குவியலாக, எத்தனை மணி நேரமாக என்பதும் அதே கேள்வியின் பகுதிகள்.

இங்கேதான் மீந்த மருந்து வருகிறது. காலையில் 24 கிலோ கலந்தார்கள், மாலைக்குள் 21 கிலோ அடைத்தார்கள். மென்பொருளில் உண்மைச் செலவு என்கிற கட்டத்தில் 21 என்று பதிவாகும். மீதி 3 கிலோ? திட்ட மேலாண்மை மென்பொருளுக்கு இருப்புக் கணக்கு தெரியாது. செலவானதை மட்டும்தான் அது எண்ணும். அந்த 3 கிலோ ஏட்டில் எங்கும் இல்லை. கொட்டகையில் இருக்கிறது, இரவு முழுவதும் ஈரக்காற்றில். மறுநாள் காலை கதவைத் திறந்து அதைக் கையில் எடுப்பவர் அந்த ஏட்டைப் பார்த்தவர் அல்லர். கலந்த மருந்தை இரவு தங்கவிடக் கூடாது என்று எல்லாரும் சொல்கிறார்கள். சொன்னால் போதாது. திட்டத்திலேயே ஒவ்வொரு நாள் மாலையும் மீந்த மருந்தை எடுத்து முறைப்படி அழிக்கும் வேலை ஒரு தனி வரியாக, நேரத்தோடும் பொறுப்பாளர் பெயரோடும் இருக்க வேண்டும். மீந்தது பூச்சியம் என்றால் பூச்சியம் என்றே எழுத வேண்டும். எழுதப்படாத வெற்றுக்கட்டத்தையும் பூச்சியத்தையும் ஒன்றாக எடுத்துக்கொள்வது இந்தத் தொழிலில் ஆபத்து.

இவை வெறும் ஏட்டுக் கணக்குகள் இல்லை. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் 35க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முதல் வெடிச்சத்தம் கேட்டு உதவவும் பார்க்கவும் ஓடிவந்தவர்களும் அதில் இருந்தார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று வெம்பக்கோட்டைப் பக்கத்து அச்சங்குளத்தில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அதை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி கே. கண்ணன் தலைமையில் குழு அமைத்தது. 2024 பிப்ரவரி 17 அன்று வெம்பக்கோட்டை அருகே ராமுத்தேவன்பட்டியில் 10 பேர். ஒவ்வொரு முறையும் செய்தியில் வரும் வாக்கியம் ஒன்றுதான்: மருந்துக் கலவையில் உராய்வு ஏற்பட்டு வெடித்தது. உராய்வு பொறியை மட்டும்தான் சொல்கிறது. ஒரு பொறி எத்தனை பேரைக் கொண்டுபோகும் என்பதை அந்த நேரத்தில் அங்கே இருந்த கிலோவும் ஆட்களும் தீர்மானிக்கின்றன. பொறியை முற்றிலும் ஒழிப்பது கடினம்; இரும்புக் கருவியை விலக்கலாம், தரையில் ரப்பர் விரிக்கலாம், நிலைமின்சாரம் இறங்க வாசலில் செம்புத் தகடு பதிக்கலாம், எல்லாம் செய்தும் ஒன்று தப்பும். கிலோவைக் கட்டுப்படுத்துவது நம் கையில் இருக்கிறது.

வெடிமருந்துக்காரர்களுக்கு இந்த அறிவு புதிதல்ல. அமெரிக்காவில் டூபான்ட் நிறுவனம் 1802இல் பிராண்டிவைன் ஆற்றங்கரையில் வெடிமருந்து ஆலையாகத்தான் தொடங்கியது. அதன் நிறுவனர் எலூதேர் இரேனே டூபான், பிரான்சில் வேதியியலாளர் லவாசியேயிடம் வேலை கற்றவர். அவருடைய ஆலைக்கட்டடங்கள் சிறியவை, ஒன்றுக்கொன்று தள்ளித்தள்ளி இருந்தவை. மூன்று பக்கம் தடித்த கற்சுவர். ஆற்றைப் பார்த்த நான்காம் பக்கமும் கூரையும் மட்டும் இலேசானவை. வெடித்தால் விசை ஆற்றின் பக்கம் போகட்டும், அடுத்த கட்டடத்தின் பக்கம் போக வேண்டாம் என்கிற யோசனை. அப்படியிருந்தும் 1818இல் அங்கே 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1957 வாக்கில், அதே டூபான்ட் நிறுவனத்தின் மார்கன் வாக்கரும் கணினி நிறுவனமான ரெமிங்டன் ராண்டின் ஜேம்ஸ் கெல்லியும் சேர்ந்து ஒரு கணக்கு முறையை உருவாக்கினார்கள். எந்த வேலை எதற்குக் காத்திருக்கிறது, எந்தத் தொடர் தாமதமானால் முழுத் திட்டமும் தாமதமாகும் என்று கணினியைக்கொண்டு கண்டுபிடிப்பது. தீர்வுகட்டப் பாதை முறை என்று இன்று பொறியியல் மாணவர்கள் படிப்பது இதைத்தான். இன்றைய திட்ட மேலாண்மை மென்பொருள்களின் முதுகெலும்பும் இதுதான். ஒரு வேலையைச் சுருக்கினால் செலவு எவ்வளவு கூடும் என்கிற கேள்வியும் அந்த முறையோடு பிறந்ததே. செலவைப் பணத்தில் எண்ணினார்கள். கொட்டகையில் கூடும் கிலோவில் எண்ணவில்லை. வெடிமருந்து ஆலையாகத் தொடங்கிய ஒரு நிறுவனத்திலிருந்து வந்த கருவியில் அந்தக் கட்டம் இல்லாமல் போனது எனக்கு வருத்தம் தருகிற விஷயம்.

இல்லாத கட்டத்தை நாமே உண்டாக்க ஒரு வழி இருக்கிறது. மருந்தைப் பொருள் இனத்தில் ஒரு முறை எழுதுங்கள். விலைக்கும் கொள்முதலுக்கும் அது போதும். கூடவே, கொட்டகையின் கொள்ளளவை ஆள் இனத்தில் இன்னொரு வரியாக எழுதுங்கள். ‘கொட்டகை, கிலோ’ என்று பெயர் வைத்து, அதன் உச்சவரம்பை 15 என்று போடுங்கள். அங்கே நடக்கிற ஒவ்வொரு வேலைக்கும் அந்த நேரத்தில் எத்தனை கிலோ அதில் தங்குமோ அத்தனை அலகை ஒதுக்குங்கள். கலப்பதற்கு 4, அடைப்பதற்கு 6, காய்வதற்கு 5 என்றால் 15, அதோடு நிற்கும். இன்னொரு ஆர்டரின் மருந்து 3 கிலோ அதே நேரத்தில் உள்ளே வரப்பார்த்தால் 18 ஆகிவிட்டது என்று மென்பொருள் சிவப்பில் காட்டும். சமன்செய்யச் சொன்னால் ஒரு வேலையைப் பின்னால் தள்ளும். தேதி தள்ளிப்போகும், போகட்டும். இதில் ஒரு குறை உண்டு: ஆள் இனத்தில் எழுதுவதால் வேலைமணிக் கணக்கில் கொட்டகையின் மணிகளும் சேர்ந்துவிடும். கூலிக் கணக்கு எடுக்கும்போது அந்த வரிகளை வடிகட்டிவிட வேண்டும்.

பிரைமவேராவில் இதைவிடத் தெளிவாகச் செய்யலாம். அதில் மொத்த அளவு, கால அளவு, ஒரு பொழுதுக்கான அளவு மூன்றும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை. எதை அசையாமல் வைப்பது என்று ஒவ்வொரு வேலைக்கும் முன்கூட்டியே சொல்லலாம். மருந்து வேலைகளுக்கு ஒரு பொழுதுக்கான அளவை அசையாமல் வைக்க வேண்டும். நாளைச் சுருக்கினால் மொத்தம் குறையட்டும், மொத்தத்தைக் கூட்டினால் நாள் நீளட்டும்.

பழைய கோப்பை நகலெடுத்துப் பயன்படுத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளையும் சரவெடிகளையும் தடைசெய்தது. அதன் பிறகு சி.எஸ்.ஐ.ஆர். நீரி நிறுவனத்தின் பசுமைப் பட்டாசுக் கலவைகள் வந்தன. கலவை மாறினால் ஒரு வெடிக்கு எத்தனை கிராம் என்பது மாறும், காயும் நேரம் மாறலாம். போன வருடத் திட்டத்தில் தேதியை மட்டும் மாற்றிக்கொண்டால், தங்கும் நேரம் பழைய மருந்தினுடையதாகவே இருக்கும்.

தங்கும் நேரத்தை அலுவலக அறையில் உட்கார்ந்து யாராலும் சொல்ல முடியாது. ஃபோர்மேனுக்குத் தெரியும், குழாயில் மருந்து அடைக்கிற பெண்களுக்கு அதைவிட நன்றாகத் தெரியும். அந்த எண்ணை அவர்களிடம் கேட்டு எழுதுவதுதான் இந்த முழுக் கணக்கிலும் மிக முக்கியமான வேலை. எண்ணை எப்படிப் பதிவது என்பதற்கு இதே வட்டாரத்தில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. வெம்பக்கோட்டையில் வைப்பாற்றின் கரையில், விஜயகரிசல்குளத்து மேட்டில், 2022 மார்ச்சில் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வு தொடங்கியது. சங்கு வளையலோ சுடுமண் பொம்மையோ எது கிடைத்தாலும் எந்தக் குழியில், எத்தனை சென்டிமீட்டர் ஆழத்தில் என்று எழுதிவைத்த பிறகுதான் அதை எண்ணிக்கையில் சேர்ப்பார்கள். இடமும் ஆழமும் இல்லாத பொருளுக்கு அங்கே மதிப்புக் குறைவு. பழம்பொருளுக்குக் காட்டும் இந்த ஒழுங்கை, உயிரோடு வேலை செய்பவர்களின் பக்கத்தில் இருக்கும் மருந்துக்கும் காட்ட வேண்டும். எத்தனை கிலோ, எந்த அறை, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை. மூன்றும் இல்லாத எண்ணைப் பதிவாக ஏற்கக் கூடாது.

சிவகாசி, விருதுநகர்ப் பக்கத்துப் பொறியியல் கல்லூரிகளில் ஒவ்வொரு வருடமும் இறுதியாண்டு மாணவர்கள் ஒரு செயலியைத் திட்டப்பணியாகச் செய்து காட்டுகிறார்கள். அவர்களில் சிலராவது இதை எடுத்துச் செய்யலாம். தமிழில், கைப்பேசியில் ஓடுகிற, நாலே கட்டம் உள்ள ஒரு செயலி: உள்ளே வந்த கிலோ, வெளியே போன கிலோ, உள்ளே இருக்கும் ஆட்கள், மாலையில் மீந்தது. இருப்பு 12 கிலோவைத் தாண்டும்போதே அது சத்தம் போட வேண்டும். கைப்பேசியை மருந்து அறைக்குள் கொண்டுபோகக் கூடாது என்பதால் பதிவு வாசலுக்கு வெளியே, கணக்கு அறையில் நடக்க வேண்டும். அதற்கு எடைபோட்டு அனுப்பும் பழக்கம் வர வேண்டும்.

வியாபாரிகளிடமும் கேட்டுக்கொள்ள ஒன்று இருக்கிறது. தீபாவளி எந்தத் தேதியில் வரும் என்பது நாள்காட்டியில் முன்கூட்டியே இருக்கிறது. ஆர்டரைச் சித்திரைக்கு முன்பே கொடுங்கள். கொடுத்த பிறகு தேதியை முன்னால் இழுக்காதீர்கள். ஆலைக்காரர் இந்த வேகத்தில் முடியாது என்று சொன்னால், முடியும் என்று சொல்லும் இன்னொருவரைத் தேடிப் போகாதீர்கள். அந்த இன்னொருவர் தன் திட்டத்தில் மொத்தத்தை மட்டும் எழுதியிருப்பார்.

ஆலை நடத்துபவர்கள் இன்றைக்கே ஒன்று செய்யலாம். உங்கள் திட்டத்திலோ நோட்டிலோ மருந்து என்று எழுதிய ஒவ்வொரு வரியையும் எடுத்து, மொத்தத்தை அடித்துவிட்டு மணிக்கு எத்தனை கிலோ என்று எழுதுங்கள். பக்கத்தில் அது தங்கும் நேரத்தை ஃபோர்மேனைக் கேட்டு எழுதுங்கள். இரண்டையும் பெருக்குங்கள். வருகிற எண் உங்கள் உரிமத்தில் உள்ள எண்ணைவிடப் பெரியதாக இருந்தால், நாளைக் காலை அந்தக் கொட்டகையைத் திறப்பதற்கு முன் வேகத்தைக் குறையுங்கள்.